வெள்ளிப் பெயிண்ட் பூசிய போல்ட்

அனகாபுத்தூரில் ஒரு சந்து. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. கணுக்கால் அளவுக்கு மழைத் தண்ணீர் நிற்கிறது. சந்தின் முடிவில் சின்னதாக ஒரு கல்யாண மண்டபம். அதன் வாசலை ஒட்டி எங்கள் ஜெனரேட்டர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஆபரேட்டர் ஏழுமலை வெறுங்காலோடு நிற்கிறார். இடது உள்ளங்கையை வண்டியின் இரும்பு உடம்பின் மேல் வைத்திருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன.

இந்தக் காட்சி எனக்கு இப்போதும் வரும். வெண்டைக்காய் நறுக்கும்போது வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வரும். சத்தமே இல்லாமல் வருவதுதான் வேடிக்கை. அன்றைக்கு அந்த ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த வண்டிக்கு எர்த் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. உள்ளே எங்காவது மின்சாரம் கசிந்தால், அது தரைக்கு இறங்க ஏழுமலையைத் தவிர வேறு வழி கிடையாது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். ஓடினேன் என்பது பெரிய வார்த்தை. கணுக்கால் தண்ணீரில் ஐம்பத்திரண்டு வயதுக்காரி என்ன ஓடிவிட முடியும்?

கோயில் சுற்று

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் படிப்பு, கல்யாணம், தாம்பரத்துக்குக் குடிவந்த கதை எல்லாம் எழுதுகிறேனாம், ஆனால் என்ன வேலை பார்க்கிறேன் என்று மட்டும் ஒழுங்காகச் சொல்லவில்லையாம். "ஜெனரேட்டர் கம்பெனி என்கிறீர்களே, டைப் அடிக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். கோபம் வரவில்லை. என் மாமியாரே பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலைப் பக்கம் எங்கள் யார்டு. லாரியின் முதுகில் ஜெனரேட்டரை ஏற்றி, சத்தத்தை அடக்க அதன்மேல் இரும்புக் கூடு மாட்டிய வண்டிகள் ஆறு நிற்கும். கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் கன்வென்ஷன், புயலில் கரண்ட் போன ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் போகும். மெக்கானிக்குகள் சர்வீஸ் முடித்த பிறகு, வண்டி வெளியே போகலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வது நான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்த மூன்று பெண்களில் ஒருத்தி. டைப் அடிக்கத் தெரியாது.

சர்வீஸ் முடிந்த வண்டியை நான் முதலில் தொடவே மாட்டேன். சும்மா ஒரு தடவை அதைச் சுற்றி நடப்பேன். மெக்கானிக்குகள் இதைக் கோயில் சுற்று என்று கிண்டல் செய்வார்கள். "மேடம் சர்ச்சுக்குப் போறவங்க, ஆனா பிரதட்சணம் மட்டும் உடமாட்டாங்க" என்பார்கள். செய்யட்டும். கண்ணில் படவேண்டியதெல்லாம் அந்தச் சுற்றில்தான் படும்.

அடியில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். டீசல் வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நின்று கவனிப்பேன். சைலன்சர் மேல் பனியன் வேஸ்ட் மறந்து கிடக்கும். கை துடைக்கும் அந்தத் துணிதான் சூடேறினால் முதலில் பற்றிக்கொள்ளும். ஃபேன் பெல்ட்டை மூடும் வலையைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்திருப்பார்கள். ஒருமுறை கூட்டுக்குள் ஒரு டிபன் டப்பா இருந்தது. தயிர்சாதம், மாவடு. எடுத்த ஸ்பேனர்களை எண்ணத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் சாப்பாட்டை எண்ணத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எஞ்சினை ஓடவிடுவேன். லோடு கொடுத்துப் பார்ப்பேன். ஆபத்து என்றால் அமுக்கும் சிவப்பு பட்டனை அமுக்கி, உடனே நிற்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக மீட்டரின் ஒரு முனையை வண்டியின் உடம்பிலும் இன்னொன்றை எர்த் கம்பியிலும் வைப்பேன். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, தரையோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தரையில் அடித்த கம்பியோடு அதன் உடம்பைச் சேர்த்துவிட்டால், கசிகிற மின்சாரம் மனிதர்களை விட்டுவிட்டு அந்த வழியாகப் போய்விடும். இவ்வளவுதான் எர்த். மீட்டர் கீச்சென்று கத்தினால் இணைப்பு இருக்கிறது. அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தாளில் கையெழுத்துப் போடுவேன்.

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கொஞ்சம் கனவுக்காரி. எஞ்சின் ஒரே சீராக ஓடும்போது எனக்கு மனசு எங்கேயோ போய்விடும். ஏதோ ஒரு வயல் வரப்பு, யாரோ அழைக்கிற குரல், பள்ளிக்கூடத்தில் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்த மழை. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வருவேன். இந்த வேலைக்கு இது நல்ல குணமா கெட்ட குணமா என்று இத்தனை வருஷத்தில் தீர்மானிக்க முடியவில்லை.

சிங்கம்

ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் பம்மல். எனக்கு ஏழெட்டு வயது இளையவர். பேச்சு குறைவு. மூன்றாம் நம்பர் வண்டியை அவரைத் தவிர யாரும் எடுப்பதில்லை, எடுக்கவும் விடமாட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். செல்போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடுவார். அப்புறம்தான் சாவி.

"ஷூ போடுங்க ஏழுமலை, ரப்பர் ஷூ. கம்பெனியே குடுத்திருக்கு" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

"போட்டுக்கறேன் மேடம்" என்பார். அடுத்த நாளும் செருப்பு ஓரமாக இருக்கும். ஒருநாள் விடாமல் கேட்டதற்கு, "சோறு போடற மிசினு மேடம். செருப்புக் காலோட எப்டி தொட்றது?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வண்டலூரில் ஒரு கல்யாணத்துக்கு வண்டி போயிருந்தபோது, லோடு ஏறி இறங்குகிறது என்று போன் வந்து விடியற்காலையில் நானும் போனேன். பார்த்து முடிப்பதற்குள் தெருவில் கரண்ட் வந்துவிட்டது. ஏழுமலை ஜெனரேட்டரை நிறுத்தினார். ஒரு பெரிய சத்தம் நின்றபின் வரும் அமைதி இருக்கிறதே, அது காதுக்குள் பஞ்சு வைத்தது போல இருக்கும். மண்டபத்து வாழைமரத்திலிருந்து பனி சொட்டுவது கேட்டது. அப்போது மிருகக்காட்சிச் சாலைப் பக்கமிருந்து சிங்கம் ஒன்று உறுமியது. அடிவயிற்றிலிருந்து, நிதானமாக, ஐந்தாறு தடவை.

ஏழுமலை சிரித்தார். "நம்ம வண்டி நின்னதும் இன்னாடா ஆச்சுன்னு கேக்குது மேடம். போன தபா வந்தப்பவும் கேட்டுச்சு."

நான் நம்பினேன் என்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பீர்கள். அந்த வெளிச்சத்தில், அந்த மணிக்கு, நம்பாமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஆயுத பூஜைக்குப் புதுச்சட்டை

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மூன்றாம் நம்பர் வண்டிக்குப் பெரிய சர்வீஸ் முடிந்தது. சுற்றி வந்தேன், முகர்ந்தேன், ஓடவிட்டேன், சிவப்பு பட்டனை அமுக்கினேன். எர்த் ஒயரை வண்டியின் உடம்போடு இறுக்கும் எர்த் போல்ட் இரண்டிலும் மீட்டர் கத்தியது. கையெழுத்துப் போட்டு, தாளை பிளாஸ்டிக் உறையில் செருகி, டிரைவர் சீட்டுக்கு மேலே தொங்கவிட்டேன். இனி வண்டி தயார்.

மறுநாள் எனக்கு லீவு. அந்த ஒரு நாளில் ஏழுமலை தன் வண்டிக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அடிச் சட்டம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், போல்ட்டுகளுக்கெல்லாம் வெள்ளிப் பெயிண்ட். மேலோட்டமாகப் பூசிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, அடியில் இருக்கும் இரும்புக்கு ஒரு கோட் கறுப்பு அடித்து, போல்ட்டுக்குத் தனியாக வெள்ளி அடித்து, காயவைத்து, மறுபடி மாட்டியிருந்தார். எர்த் போல்ட் இரண்டும் அதில் சேர்த்தி.

பூஜை அன்றைக்கு யார்டே மணத்தது. சாம்பிராணி, பொரி, கடலை, வாழைக்கன்று. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பேனலில் சந்தனம் குங்குமம். நான் கிறிஸ்தவச்சி, ஆனால் இந்த ஒரு நாள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருஷம் பூராவும் கரி படிந்து கிடக்கிற இரும்பெல்லாம் அன்றைக்கு மனிதர்களைப் போல முகம் கழுவிக்கொண்டு நிற்கும்.

மூன்றாம் நம்பர் வண்டி முன்னால் போய் நின்றேன். வெயிலில் வெள்ளிப் போல்ட்டுகள் வரிசையாக மின்னின. ஏழுமலை கையில் ஆரத்தித் தட்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அழகா இருக்கு ஏழுமலை" என்றேன்.

குனிந்து எர்த் போல்ட்டை விரலால் தொட்டும் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ள கை அது. தொட்டுவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜன்னல் கொக்கி

மூன்று வாரம் வண்டி வெளியே போகவில்லை. ஐப்பசி பிறந்து, மழையும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தன. முதல் சவாரி அனகாபுத்தூர் கல்யாணம். மழையில் அந்தப் பக்கம் கரண்ட் இல்லை, நேராக வண்டியைக் கொண்டுவந்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கணவர் கொயரில் பாடுகிறவர், பைக்கை எடுத்துக்கொண்டு முன்பே போய்விட்டார். மழை விட்டதா என்று பார்க்க ஜன்னலைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. போன வாரம்தான் வீட்டுக்கு பெயிண்ட் அடித்திருந்தோம். கொக்கியையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போயிருந்தார் பெயிண்டர். கத்தி முனையால் சுரண்டினேன். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு படலம் உரிந்து வந்தது. அடியில் இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

கையில் அந்தத் தோலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம்தான் அந்த வழவழப்பு விரலுக்கு ஞாபகம் வந்தது. பெயிண்டுக்குள் மின்சாரம் போகாது. போல்ட்டுக்கு மேலே பெயிண்ட், அடியில் பெயிண்ட். ஏழுமலை கம்பியைத் தரையில் அடித்து, ஒயரை இறுக்கி முடுக்கியிருப்பார். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். நடுவில் இந்தத் தோல் இருக்கும். வெளியே மழை. அவர் வெறுங்காலோடு நிற்பார்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டேஷ்போர்டு பெட்டிக்குள் அது அடிப்பதை என்னால் பார்க்க முடிந்தது. ஓனர் போன் அணைந்திருந்தது. மண்டபத்து நம்பர் யார்டு நோட்டில் இருந்தது, யார்டு பூட்டியிருந்தது. பைபிள் வைத்த பையிலேயே மீட்டரையும் ஒரு சின்னக் கத்தியையும் போட்டுக்கொண்டு, குடையோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கூட்டம் இல்லை. எதிர் சீட்டில் ஒரு பெண் மடியில் கதம்பம் வைத்துக் கட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கி, ரயில் அசைந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். மூன்று ஸ்டேஷன்தான். அந்தப் பயணம் இன்னும் முடியவில்லையோ என்று எனக்கு இப்போதும் சில சமயம் தோன்றும்.

ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். பைபிளின் சங்கீதம் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆயில், கூலன்ட், பெல்ட், பேட்டரி, எர்த் என்று என் செக் லிஸ்ட்தான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்கிறவருக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. பம்மல் தாண்டியதும் சாலையில் தண்ணீர். ஆட்டோக்காரர் அனகாபுத்தூர் முனையில் நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல போனா இஞ்சின்ல தண்ணி பூந்துரும்க்கா" என்றார். இறங்கி நடந்தேன். நெசவாளர் ஊரில் தறிச் சத்தம் எங்கும் இல்லை, கரண்ட் இல்லாத காலை. வாசல்களில் பெண்கள் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடுவது கேட்டது. அது மூன்றாம் நம்பர் என்று சத்தத்திலேயே தெரிந்தது. மனசு வேறெங்கும் போகவில்லை.

குடைக் கைப்பிடி

சந்து முனையில் திரும்பியபோது பார்த்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. குடையை ஆட்டினேன். ஏழுமலை கண்ணைத் திறந்து, நான் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக வலது கையை ஆட்டினார். இடது கை வண்டியிலேயே இருந்தது.

பக்கத்தில் போனதும் சொன்னேன். "கைய எடுங்க ஏழுமலை. எடுத்துட்டுப் பின்னாடி வாங்க."

எடுத்தார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, ஒன்றும் கேட்காமல் இரண்டு அடி பின்னால் வந்தார். நான் குடையைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் கைப்பிடியால் சிவப்பு பட்டனைக் குத்தினேன். எஞ்சின் நின்றது. மண்டபத்துக்குள் சீரியல் விளக்கு, மின்விசிறி, மைக் எல்லாம் சேர்ந்து நின்றன. நாதஸ்வரம் மட்டும் நிற்கவில்லை.

வாசலுக்கு ஒருவர் வேகமாக வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பெண்ணின் அப்பா.

"இன்னாம்மா இது, தாலி கட்ற நேரத்துல ஆஃப் பண்ணிகினு? யார் நீ?"

"கம்பெனிலேருந்து வர்றேன் சார். வண்டில எர்த் இல்ல. தொட்டா ஷாக் அடிக்கும். ஒரு பதினஞ்சு நிமிஷம் குடுங்க."

"காலைலேருந்து ஓடிகினுதானே கீது? யாருக்கும் ஒண்ணும் ஆவலையே. வீடியோக்காரன் வேற நிக்கறான். போட்டு உடுப்பா" என்று ஏழுமலையிடம் சொன்னார்.

ஏழுமலை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம் சொல்லாம போட மாட்டேண்ணா" என்றார்.

அந்த அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே பெண்ணாம், பிறகு தெரிந்தது. ஆனால் அப்போது வண்டியை ஒட்டிக் கை கழுவும் குழாயருகில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ஒரு பாட்டி வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு சேலைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவரிடம் அதைக் காட்டினேன். "அந்தம்மா உங்க வீட்டு ஆளா சார்?"

பார்த்தார். "எங்க அத்தை" என்றார். உள்ளே போய், விளக்கு கொஞ்ச நேரம் வராது, ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

மீட்டரை வைத்தேன். ஒரு முனை வண்டியில், ஒரு முனை எர்த் ஒயரில். கத்தவில்லை. இரண்டாவது போல்ட்டிலும் கத்தவில்லை. தெரிந்துதான் வந்தேன், இருந்தாலும் அந்த மௌனம் என்னை என்னவோ செய்தது. நான் பூஜை அன்றைக்கு விரலால் தொட்டுவிட்டுப் போன அதே போல்ட்.

அப்புறம் வண்டியைச் சுற்றி நடந்தேன். மண்டபத்துக்குப் போகும் கேபிள், கூட்டின் இரும்பு விளிம்பில் உரசிக்கொண்டு வெளியே வருகிற இடத்தில், கேபிளின் தோலில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறலில் மழைத் தண்ணீர் இறங்கி, கேபிளையும் இரும்பையும் நனைத்துக்கொண்டிருந்தது. கசிவு அங்கேதான். தண்ணீர் வழியாகக் கசிந்ததால் கொஞ்சமாகக் கசிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் அதிர்ந்து உரசியிருந்தால் உள்ளே இருக்கும் செம்பே இரும்பைத் தொட்டிருக்கும். அப்போது அந்த உள்ளங்கை வண்டியை விட்டு வந்திருக்காது.

கேபிளை மாற்றினோம். போல்ட்டுகளைக் கழற்றினேன். ஏழுமலை குந்தி உட்கார்ந்து, தான் ஆசையாக அடித்த பெயிண்டைத் தானே கத்தியால் சுரண்டினார். கறுப்பும் வெள்ளியுமாகத் துகள்கள் தண்ணீரில் மிதந்து போயின. இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டினார். காது வரைக்கும் அவருக்குச் சிவந்திருந்தது. நான் ஒயர் முனையைத் துணியால் துடைத்தேன்.

நாங்கள் அப்படிக் குனிந்திருந்தபோதுதான் உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். விளக்கில்லாத மண்டபத்துக்குள் உயரத்து ஜன்னல்கள் வழியாக மழைக்காலத்து வெளிச்சம், பால் கலந்த தண்ணீர் போல இறங்கிக்கொண்டிருந்தது. அட்சதை அந்த வெளிச்சத்துக்குள் எழும்பி விழுந்தது. மின்விசிறி இல்லாததால் ஓமப் புகை கலையாமல் மாப்பிள்ளை பெண் தலைக்கு மேல் நின்றது. அவ்வளவு அழகான ஒரு தாலிகட்டை நான் பார்த்ததில்லை. வீடியோக்காரர் மட்டும் தலையில் கை வைத்திருந்தார்.

மறுபடி மீட்டரை வைத்தேன். கீச்சென்று கத்தியது. ஏழுமலை வண்டியில் ஏறினார். "ஷூ" என்றேன். சீட்டுக்கு அடியிலிருந்து, விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்த ரப்பர் ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன.

இரண்டாம் பந்தி

பெண்ணின் அப்பாவே வந்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் எனக்குப் பக்கத்தில் நின்று ஒரு வடை சேர்த்து வைக்கச் சொன்னார். ஏழுமலையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் இடது உள்ளங்கையை மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரி படிந்த ரேகைகள், கட்டை விரல் ஓரம் கொஞ்சம் வெள்ளிப் பெயிண்ட். முழுசாக இருந்தது. குனிந்து பருப்பில் நெய்யைப் பிசைந்தேன்.

"கை வச்சிருந்தீங்களே, ஒண்ணும் தெரியலையா?" என்று கேட்டேன்.

"சுருசுருன்னு இருந்துச்சி மேடம்."

"சுருசுருன்னு இருந்தா கைய எடுக்க வேணாமா ஏழுமலை? எத்தன வருஷமா இந்த வேல பாக்கறீங்க?"

"எடுத்துட்டேன் மேடம். மொத தபா சுருக்குன்னதும் எடுத்துட்டேன். பயமாத்தான் இருந்துச்சி." சாம்பாருக்குக் குழி செய்துகொண்டே சொன்னார். "அப்பால வண்டில ஏறி, மேல தொங்குது பாருங்க அந்தத் தாளு, அத எடுத்துப் பாத்தேன். உங்க கையெழுத்து இருந்துச்சி. அப்பறம்தான் எறங்கி வந்து மறுபடி வச்சேன்."

சாம்பார் வாளிக்காரர் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். நான் சாம்பாருக்குக் குழி செய்யாமல் இருந்ததைப் பார்த்து, மேடத்துக்கு ஊத்துங்க என்று ஏழுமலை அவரிடம் சொன்னார்.